பிரபலம் கைதானால் உள்ளே என்ன நடக்கும்? அமெரிக்க கவுன்டி சிறை பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் ஒரு நடிகரோ விளையாட்டு வீரரோ அரசியல்வாதியோ கைதானால் அன்றைக்கே இரண்டு கதைகள் கிளம்பிவிடுகின்றன. அவருக்கென்ன, உள்ளே ராஜவாழ்க்கை, தனி ரூம், டிவி, வெளிச்சாப்பாடு என்பது ஒன்று. இருட்டறையில் போட்டு வதைக்கிறார்கள் என்பது இன்னொன்று. ஒரே ஆளைப் பற்றி, ஒரே வாரத்தில், இரண்டையும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் கவுன்டி சிறை, மாநிலச் சிறை, மத்திய அரசின் சிறை எல்லாம் ஒன்றாகக் கலந்துபோய், எங்கேயோ நடந்தது வேறெங்கேயோ நடந்ததாகப் பரவுகிறது.

நான் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறைக்குள் இருக்கும்வரை புகழ் ஒருவருக்கு வசதியைவிடத் தனிமையைத்தான் அதிகம் கொடுக்கிறது. பணமும் செல்வாக்கும் உண்மையில் வேலை செய்வது சிறையின் வாசலில், அதாவது ஒருவரை உள்ளே வைப்பதா, எப்போது வெளியே விடுவது என்று முடிவாகும் இடத்தில். ஏன் அப்படி என்று பார்ப்போம்.

கவுன்டி சிறை என்பது எது?

பெரிய அரசு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் அடிபட்டவர், நெஞ்சுவலிக்காரர், குடித்துவிட்டு விழுந்தவர் என்று எல்லோரும் ஒரே வாசலில் வருகிறார்கள். யாருக்கு என்ன என்று அப்போது தெரியாது. சிலர் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போவார்கள், சிலர் வார்டுக்கு மாற்றப்பட்டு மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். கவுன்டி சிறை அந்த அவசரப் பிரிவு. மாநிலச் சிறையும் மத்திய அரசின் சிறையும் வார்டு.

கவுன்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. நாடு முழுக்க 3,100க்கு மேல் உண்டு. பெரும்பாலான கவுன்டிகளில் சிறையை நடத்துபவர் ஷெரிஃப். இவர் அந்தக் கவுன்டியின் காவல் தலைவர், பெரும்பாலும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கவுன்டி சிறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டு, தீர்ப்பு வராமல், ஜாமீன் கிடைக்காமலோ ஜாமீன் பணம் கட்ட முடியாமலோ காத்திருப்பவர்கள். மிச்சம் பேர் சின்னக் குற்றங்களுக்காக, வழக்கமாக ஓராண்டுக்குள் முடியும் தண்டனையை அனுபவிப்பவர்கள். அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் எந்த ஒரு நாளிலும் சுமார் ஆறரை லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை.

குழப்பத்துக்கு ஓர் உதாரணம், பாலியல் குற்றவழக்குகளில் சிக்கிய அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன். 2008இல் அவர் தண்டனை அனுபவித்தது ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுன்டி சிறையில். 2019 ஆகஸ்ட் 10 அன்று இறந்து கிடந்தது நியூயார்க்கில் மத்திய அரசு நடத்திய சிறையில். இரண்டுக்கும் நிர்வாகம் வேறு, விதிகள் வேறு, பொறுப்பானவர்களும் வேறு. ஒன்றில் நடந்ததை வைத்து இன்னொன்றை விளக்கப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. அதேபோல நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு மாநகரத்தின் சிறை, கவுன்டி ஷெரிஃபுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதுவரை பார்த்தது: கவுன்டி சிறை என்பது பெரும்பாலும் தீர்ப்புக்கு முந்தைய இடம், அதை நடத்துபவர் ஷெரிஃப், உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி இன்னும் குற்றவாளிகள் இல்லை.

நுழையும்போது எல்லோருக்கும் ஒரே வரிசை

கைதானவரைப் பதிவு செய்வதை புக்கிங் என்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, கைரேகை, முன்பக்கமாக ஒரு போட்டோ, ஒரு எண். கையில் இருக்கும் மோதிரம், பர்ஸ், பெல்ட், ஷூ கயிறு எல்லாம் ஒரு பையில் போய், ரசீதில் கையெழுத்து வாங்கப்படும்.

டொனால்ட் டிரம்ப் 2023 ஆகஸ்ட் 24 அன்று அட்லான்டாவின் ஃபுல்டன் கவுன்டி சிறைக்குப் போனபோது இதுதான் நடந்தது. பி01135809 என்ற எண், கைரேகை, போட்டோ. முன்னாள் அதிபர் ஒருவரின் போலீஸ் போட்டோ அமெரிக்க வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. ஆனால் மொத்தமாக அவர் உள்ளே இருந்தது சுமார் 20 நிமிடம்தான், ஏனென்றால் 2 லட்சம் டாலர் ஜாமீனுக்கான ஏற்பாட்டை வக்கீல்கள் முன்னாடியே பேசி முடித்திருந்தார்கள். சிறையைத் தொட்டுவிட்டுப் போனார், அறையைப் பார்க்கவில்லை.

ஜாமீன் இல்லாதவருக்கு அடுத்த கட்டம் வேறு மாதிரி. உடை முழுவதையும் களையவைத்துச் சோதனை செய்வார்கள். மற்ற கைதிகளோடு சேர்க்கப்படப் போகிறவர் சின்னக் குற்றத்துக்கு வந்தவராக இருந்தாலும் இப்படிச் சோதிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்புறம் சிறை உடை, ரப்பர் செருப்பு, கையில் பட்டை. நர்ஸ் ஒருவர் கேள்விகள் கேட்பார்: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், போதைப் பழக்கம் உண்டா, தற்கொலை எண்ணம் வருகிறதா. கடைசிக் கேள்வி சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை. அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் நீண்டகாலமாக மரணத்துக்கான தனிப் பெருங்காரணம் தற்கொலைதான். நேற்றுவரை கைதட்டல் கேட்டவர், இன்றைக்கு எல்லா டிவியிலும் தன் போட்டோ ஓடுகிறது என்று தெரிந்தவர், இந்த ஆபத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார். அதனால் முதல் சில நாட்கள் அவரைப் பல சிறைகளில் தற்கொலைக் கண்காணிப்பில் வைப்பார்கள். கிழிக்கவோ முடிச்சுப் போடவோ முடியாத தடித்த மேலங்கி ஒன்றுதான் உடை, அதே துணியில் போர்வை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை காவலர் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். விளக்கு அணையாது. இதில் எங்கே ராஜவாழ்க்கை?

ஏன் தனி அறை?

புக்கிங் முடிந்ததும் யாரை எங்கே வைப்பது என்று தரம் பிரிப்பார்கள். வயது, குற்றம், பழைய பதிவுகள், யாரோடு பகை, எந்தக் கும்பலோடு தொடர்பு, எல்லாம் கணக்கில் வரும். பிரபலமானவருக்கு இந்த இடத்தில் பெரும்பாலும் கிடைப்பது பாதுகாப்புக் காவல், அதாவது மற்ற கைதிகளிடமிருந்து ஆபத்து வரலாம் என்பதால் பிரித்து வைப்பது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி சிறைகளில் இதற்கு கே-10 என்று ஒரு குறியீடே உண்டு: யாரோடும் சேர்க்காமல் விலக்கி வை என்று பொருள்.

ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்க்காரருக்கு தனி அறை கொடுப்பது மரியாதைக்காக இல்லையே, அதே கணக்குதான் இங்கேயும். அவரை அடித்தவன் என்ற பெயருக்காகவே அடிக்கக்கூடிய ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். அவருக்கு ஏதாவது ஆனால் ஷெரிஃப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த தேர்தலில் அது பேசப்படும், கவுன்டி மேல் வழக்கும் வரும்.

இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பிரபலம் என்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அவர் அரசுத் தரப்பிடம் போய்ச் சொன்னால், தன் தண்டனையைக் குறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1988இல் லாஸ் ஏஞ்சலஸ் சிறையில் இருந்த ஒரு கைதி, தான் சந்தித்தே இராத ஆளின் வழக்கு விவரங்களைச் சிறைத் தொலைபேசியிலேயே அதிகாரி போலப் பேசி எப்படிச் சேகரிக்கலாம், அதை வைத்து ஒப்புதல் வாக்குமூலம் கேட்டதாக எப்படிக் கதை கட்டலாம் என்று செய்தே காட்டினார். அதைத் தொடர்ந்து கவுன்டியின் கிராண்ட் ஜூரி, அதாவது விசாரணை நடத்தும் பொதுமக்கள் குழு, விசாரித்து 1990இல் அறிக்கை கொடுத்தது. அதனால் பிரபலத்தின் வக்கீல் முதல் நாளே சொல்லும் புத்திமதி: உள்ளே யாரிடமும் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். பேச ஆளில்லை, பேசவும் கூடாது.

சரி, இது தனிமைச் சிறை ஆகாதா? இங்கேதான் எல்லோரும் முட்டிக்கொள்கிறார்கள். தண்டனையாக ஒருவரைத் தனியே அடைப்பது ஒரு நிர்வாக முடிவு, பாதுகாப்புக்காக அடைப்பது இன்னொரு முடிவு, காகிதத்தில் இரண்டும் வேறு வேறு. ஆனால் 2015இல் ஐநா ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் காரணத்தைப் பார்ப்பதில்லை, மணி நேரத்தைப் பார்க்கின்றன: நாளைக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைத்தால் அது தனிமைச் சிறை, 15 நாளுக்கு மேல் தொடர்ந்தால் நீடித்த தனிமைச் சிறை.

நடிகர் ஜஸ்ஸி ஸ்மோலெட் 2022 மார்ச்சில் சிகாகோவின் குக் கவுன்டி சிறைக்குப் போனபோது இந்தச் சண்டைதான் பகிரங்கமாக நடந்தது. குடும்பத்தார் அவர் நிலை குறித்துக் கவலையாகப் பேச, ஷெரிஃப் அலுவலகம் அறிக்கை விட்டது: அவர் தனிமைச் சிறையில் இல்லை, அதை 2016லேயே ஒழித்துவிட்டோம், பாதுகாப்புக் காவலில் தனி அறையில் இருக்கிறார், அறையில் கேமரா இருக்கிறது, வாசலில் உடலில் கேமரா அணிந்த காவலர் நிற்கிறார், அறைக்கு வெளியே வந்து டிவி பார்க்கவும் போன் பேசவும் நேரம் உண்டு என்று. ஆக, ஒவ்வொரு சிறையிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு எத்தனை மணி நேரம் கதவு திறந்திருக்கிறது? சில இடங்களில் பல மணி நேரம், பல இடங்களில் ஒரே ஒரு மணி நேரம்.

சுருக்கமாக: தனி அறை பரிசும் இல்லை, காகிதத்தில் தண்டனையும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவரின் உடம்பும் மனதும் அனுபவிப்பது பெரும்பாலும் தண்டனையாகத் தனியே அடைக்கப்பட்டவரின் தனிமையைத்தான்.

ஒரு சாதாரண நாள்

அறை ஒரு சின்ன குளியலறையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சுவரோடு சேர்ந்த இரும்பு அல்லது கான்கிரீட் படுக்கை, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய மெத்தை. எவர்சில்வர் கழிப்பறைத் தொட்டி, அதன் தலையிலேயே கை கழுவும் பேசின், இரண்டும் ஒரே துண்டு. கதவில் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன மடிப்புத் திறப்பு. சாப்பாடு, மருந்து, கடிதம், கைவிலங்கு மாட்ட நீட்டும் கைகள், எல்லாம் அந்த வழியாகத்தான். ராத்திரியிலும் ஒரு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும், காவலர் எண்ணிக்கை எடுக்க வேண்டுமே.

பல கவுன்டி சிறைகளில் காலைச் சாப்பாடு விடியற்காலை நாலு, அஞ்சு மணிக்கே வந்துவிடும். மதியச் சாப்பாடு பதினொன்றுக்கு முன்னே பின்னே, ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் நாலு, அஞ்சுக்கு. அதற்கப்புறம் மறுநாள் விடியும்வரை பன்னிரண்டு மணி நேரம் வயிற்றுக்கு எதுவும் இல்லை. மத நம்பிக்கைக்காகவோ உடல்நிலைக்காகவோ மாற்று உணவு கேட்கலாம், அது பிரபலத்துக்கு மட்டுமான சலுகை கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம்.

அந்த வெளியே வரும் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். காவலர் வந்து கதவுத் திறப்பு வழியாக விலங்கு மாட்டுவார், கதவு திறக்கும், பொதுக்கூடத்துக்கு அழைத்துப் போவார். அந்த நேரத்தில் அந்தப் பகுதியின் மற்ற கைதிகள் எல்லோரும் அவரவர் அறைக்குள் பூட்டப்பட்டிருப்பார்கள், கதவுக் கண்ணாடியில் முகங்கள் தெரியும், பெயர் சொல்லிக் கத்துவார்கள், சிலர் கெட்ட வார்த்தையில். அந்த ஒரு மணி நேரத்துக்குள் குளிக்க வேண்டும், வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும், நாலு பக்கமும் உயர்ந்த சுவரும் மேலே கம்பிவலையும் உள்ள சின்ன முற்றத்தில் நடக்க வேண்டும். மனைவியோ பிள்ளையோ போனை எடுக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இவர் ஒருவருக்காக மற்றவர்கள் அடைபடுவதால் அவர்களுக்கும் இவர்மேல் எரிச்சல், அந்த எரிச்சலே இவரை இன்னும் தனியாக வைக்க ஒரு காரணமாகிறது.

முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்சன் இப்படி லாஸ் ஏஞ்சலஸ் ஆண்கள் மத்தியச் சிறையில் 1994 ஜூன் 17 முதல் 1995 அக்டோபர் 3 வரை இருந்தார். ஜாமீன் மறுக்கப்பட்டது. கடைசியில் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலையானார். அவர் செய்தாரா இல்லையா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், தீர்ப்பு வருவதற்கு முன்பே பதினைந்து மாதத்துக்கு மேல் ஒருவர் உள்ளே இருந்தார் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய விஷயம்.

விசாரணைக் கைதியைத் தண்டிக்கக் கூடாது என்று 1979லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் தேவையான கட்டுப்பாடுகள் தண்டனை ஆகாது என்றும் சொல்கிறது. மேலே சொன்ன எல்லாமே அந்த இரண்டாவது வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

கேட்கும் காதுகள்

சிறையிலிருந்து போன் போட்டால் முதலில் ஒரு பதிவுக் குரல் வரும்: இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது, கண்காணிக்கப்படலாம். வக்கீலோடு பேசுவதைத் தவிர மற்ற எல்லாமே இதற்குள் வரும். வக்கீல் பேச்சுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு, அதை அரசுத் தரப்பு கேட்கக் கூடாது.

எச்சரிக்கையைக் கேட்டுவிட்டும் மனிதர்கள் பேசத்தான் செய்கிறார்கள். டிரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயதுப் பையனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 2012இல் கைதான ஜார்ஜ் சிம்மர்மேன், ஃபுளோரிடாவின் செமினோல் கவுன்டி சிறையிலிருந்து மனைவியோடு பேசியபோது, இணையத்தில் தனக்காகத் திரண்ட ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தைப் பற்றி இருவரும் பூடகமாகப் பேசிக்கொண்டார்கள். கோர்ட்டில் ஏழை என்று காட்டியிருந்தார்கள். அரசுத் தரப்பு அந்தப் பதிவுகளைக் கொண்டுவந்து வைத்தது, ஜூன் 1 அன்று ஜாமீன் ரத்தானது. மறுபடி ஜாமீன் வந்தபோது தொகை ஒன்றரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் டாலராகியிருந்தது. கொலை வழக்கிலிருந்து அவர் 2013இல் விடுதலையானார், அது வேறு கதை.

நேரில் பார்க்க வருபவர்களோடு பேசுவதும் அப்படித்தான். நம் ஊரில் மனு போட்டுப் பார்ப்பது என்பார்களே, அதற்கு இணையான சந்திப்பு அங்கே பல கவுன்டிகளில் இப்போது வீடியோ திரை வழியாகத்தான் நடக்கிறது, கையைத் தொடக்கூட முடியாது. ஃபுளோரிடாவில் அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்ற சட்டம் ரொம்ப வலுவானது. மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஆர்லாண்டோவின் ஆரஞ்சு கவுன்டி சிறையில் 2008 முதல் 2011 வரை பெரும்பகுதியைக் கழித்த கேசி ஆன்டனி, தன் பெற்றோரோடு வீடியோவில் பேசியது முழுக்க டிவியில் ஓடியது, பிறகு ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, முன்னாலும் போட்டுக் காட்டப்பட்டது. கொஞ்ச நாளில் அவர் குடும்பத்தாரைச் சந்திப்பதையே நிறுத்திக்கொண்டார். சிறைக் கடையில் அவர் வாங்கிய நொறுக்குத் தீனிப் பட்டியல்கூடச் செய்தியானது. கொலைக் குற்றத்திலிருந்து அவரும் விடுவிக்கப்பட்டார், போலீசிடம் பொய் சொன்னதற்கு மட்டும் தண்டனை.

சிம்சன் விஷயத்தில் 1994 நவம்பரில் நடந்தது இன்னும் நுட்பமானது. ரோசி கிரியர் என்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், மத போதகரும்கூட, அவரைச் சந்திக்க வந்திருந்தார். பேச்சின் நடுவில் சிம்சன் குரல் உயர்த்திக் கத்தியதைக் காவலர் ஒருவர் கேட்டதாகச் சொன்னார். போதகரிடம் அந்தரங்கமாகப் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால் அந்தச் சாட்சியத்தை நீதிபதி லான்ஸ் இட்டோ அனுமதிக்கவில்லை. என்ன கத்தினார் என்பது ஜூரிகளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

பணத்தால் உள்ளே என்ன வாங்கலாம்?

சிறைக் கடைக்கு கமிசரி என்று பெயர். கைதி பெயரில் ஒரு கணக்கு இருக்கும், வெளியே இருந்து பணம் போடலாம், முன்பின் தெரியாத ரசிகர்கள்கூடப் போடுவார்கள். நூடுல்ஸ் பாக்கெட், இன்ஸ்டன்ட் காபி, சிப்ஸ், டூனா மீன் பொட்டலம், ஷாம்பு, தடித்த உள்ளாடை, ஸ்டாம்ப் ஒட்டிய கவர், இவைதான் சரக்கு. நூடுல்ஸையும் சிப்ஸையும் நொறுக்கி, குழாயில் வரும் சூடான தண்ணீரை ஊற்றி, பாக்கெட்டை மூடிப் பத்து நிமிடம் ஊறவைத்துச் சாப்பிடுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சமையல். கோடீஸ்வரராக இருந்தாலும் வாரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் பணம் உள்ளேயும் பேசுகிறது, அது வக்கீல். அரசு நியமிக்கும் வக்கீலுக்கு ஏகப்பட்ட வழக்குகள், அவர் எப்போது வருவார் என்று கைதிக்கே தெரியாது. சொந்தமாகப் பணம் கொடுத்து அமர்த்திய வக்கீல் குழு தினமும் வரலாம், மணிக்கணக்கில் உட்காரலாம். வழக்குக்கு அதனால் என்ன நன்மை என்பது இருக்க, அந்த மணி நேரங்கள் அறைக்கு வெளியே, மனிதர்களோடு, பதிவாகாத பேச்சோடு கழியும் நேரம். போன் கட்டணமும் இதில் சேரும். பெரிய கவுன்டி சிறைகளில் ஒரு பதினைந்து நிமிட அழைப்புக்கு 11 டாலருக்கு மேல்கூட வாங்க முடிந்த காலம் இருந்தது. 2023 தொடக்கத்தில் இதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது, 2024இல் அறிவித்த புதிய உச்சவரம்பின் அமலாக்கம் 2025இல் தள்ளிப்போடப்பட்டது. பிரபலத்துக்கு இந்தக் கட்டணம் ஒரு பொருட்டில்லை. பாத்திரம் கழுவிச் சம்பாதிக்கும் ஒரு தாய்க்கு மகனோடு வாரம் இரண்டு தடவை பேசுவது வாடகையைத் தொடும் செலவு.

கோர்ட்டுக்குப் போகும் நாள்

விசாரணை நாளில் விடியற்காலை மூணு, நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். இடுப்புச் சங்கிலி, கால் விலங்கு, காத்திருப்பு அறை, வண்டி, மறுபடி காத்திருப்பு அறை. சாதாரணக் கைதிகள் பஸ்ஸில் கும்பலாகப் போவார்கள், பிரபலம் தனி வண்டியில், கேமராக்கள் நிற்காத வாசல் வழியாக. ஆனால் டிவியில் நாம் பார்ப்பது கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான். ஜூரி முன்னால் ஒருவரைச் சிறை உடையில் நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இலும், தகுந்த காரணம் இல்லாமல் ஜூரிக்குத் தெரியும்படி விலங்கு போடக் கூடாது என்று 2005இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் வீட்டாரோ வக்கீலோ உடை கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கோர்ட்டில் மாற்றிக்கொள்கிறார், சாயங்காலம் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி சோதனைக்கு நின்று, அறைக்குத் திரும்புகிறார். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தால் பையில் ஒரு ரொட்டியும் ஆரஞ்சும் கிடைக்கும்.

வாசலில் நடப்பது

இப்போது ஷெரிஃப் விஷயத்துக்கு வரலாம். தண்டனை விதிப்பது நீதிபதி. ஆனால் கவுன்டி சிறையில் இடம் இருக்கிறதா, யாரை முன்கூட்டியே விடுவது, யாரைப் பகலில் வேலைக்கு வெளியே அனுப்புவது என்ற அன்றாட முடிவுகள் பெரும்பாலும் ஷெரிஃப் கையில்.

2007இல் டிவி பிரபலம் பாரிஸ் ஹில்டனுக்கு 45 நாள் தண்டனை. ஜூன் 3 ராத்திரி லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் லின்வுட் பெண்கள் சிறைக்குள் போனார். ஜூன் 7 அன்று, வெளியே சொல்லப்படாத ஒரு மருத்துவக் காரணத்தைக் காட்டி, ஷெரிஃப் லீ பாக்கா அவரைக் காலில் கண்காணிப்புப் பட்டையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாடே கொதித்தது. மறுநாளே நீதிபதி அவரைத் திரும்ப உள்ளே அனுப்ப, அவர் ஜூன் 26 அன்றுதான் வெளியே வந்தார். இது சலுகையா? அவரை அனுப்பியது கண்டிப்பாகக் கேள்விக்குரியது. ஆனால் அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சிறைகளில் நெரிசல் காரணமாகச் சின்னக் குற்றத்துக்கு வந்த பெண்களைச் சில நாட்களிலேயே விடுவது வழக்கமாக இருந்தது. நடிகை லிண்ட்சே லோஹன் 2010இல் 90 நாள் தண்டனையில் சுமார் இரண்டு வாரமும், 2011 நவம்பரில் 30 நாள் தண்டனையில் நாலரை மணி நேரமும்தான் இருந்தார். கேட்டவுடன் கோபம் வரும், ஆனால் அதில் பெரும்பங்கு நெரிசலின் கணக்கு.

எப்ஸ்டீன் விஷயம் அப்படி இல்லை. 2008இல் பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 மாதத் தண்டனை பெற்றவர், சுமார் 13 மாதம்தான் இருந்தார், அதிலும் பெரும்பகுதி நாட்கள் வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு 12 மணி நேரம்வரை தன் அலுவலகத்தில் போய் உட்கார அனுமதி. காவலுக்கு வந்த ஷெரிஃபின் காவலர்களுக்கான செலவையும் அவரே கட்டினார். அறைக்குள் ஏசி இருந்ததா, டிவி இருந்ததா என்று தேடிக்கொண்டிருந்தால் இந்தச் சலுகை கண்ணில் படவே படாது, ஏனென்றால் அவர் அறையிலேயே இல்லை. அவரால் பாதிக்கப்பட்ட சிறுமிகளுக்கு இழைத்த அநீதி அந்த அனுமதியில் இருக்கிறது.

ஷெரிஃபின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு பாக்காவே உதாரணம். தன் சிறைகளில் கைதிகள் அடிக்கப்பட்டது பற்றி மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடத்திய விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக 2017இல் அவருக்கு மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

டிரம்ப் 20 நிமிடத்தில் கடந்துபோன அதே ஃபுல்டன் கவுன்டி சிறையில், அதற்கு ஓராண்டு முன்பு, 2022 செப்டம்பரில், மனநலப் பிரிவில் இருந்த ஒரு கறுப்பின இளைஞர் பூச்சிகள் மொய்த்த அறையில் இறந்து கிடந்தார். அவர்மேல் இருந்தது ஒரு சின்னக் குற்றச்சாட்டு. மத்திய நீதித்துறை 2023இல் விசாரணை தொடங்கி, 2024 நவம்பரில் அந்தச் சிறையின் நிலைமை அரசியல் சாசனத்துக்கே விரோதமானது என்று அறிக்கை கொடுத்தது. ஒரே கட்டடம், ஒரே புக்கிங் மேஜை.

விடுதலை நேரம்

வெளியே விடுவதும் பல சிறைகளில் நள்ளிரவுக்கு மேல்தான், ஏனென்றால் தேதி மாறியதும் தண்டனைக் கணக்கு முடிந்துவிடும், காகித வேலையும் அப்போதுதான் தீரும். கேசி ஆன்டனி 2011 ஜூலை 17 அன்று நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் வெளியே வந்தார். ஆயுதம் தாங்கிய காவலர்கள் பக்கத்தில், வக்கீல் கூடவே, வண்டி வாசலில், வெளியே கோஷம் போடும் கூட்டம்.

பெயர் தெரியாதவருக்கும் அதே நேரத்தில்தான் கதவு திறக்கும், ஆனால் வண்டி இருக்காது, பஸ் ஓடாது, போன் சார்ஜ் இல்லாமல் இருக்கும் அல்லது போனே இருக்காது. 2009 செப்டம்பரில் மாலிபுவில் ஓட்டல் பில் கட்ட முடியாமல் கைதான 24 வயதுப் பெண் ஒருவரை லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறை தன் நிலையக் காவலிலிருந்து நள்ளிரவுக்குப் பின் விடுவித்தது. கார் இல்லை, பர்ஸ் இல்லை, போன் இல்லை, சுற்றிலும் மலைப்பகுதி. அம்மா முன்கூட்டியே போன் பண்ணி, இருட்டில் அனுப்ப வேண்டாம் என்ற கவலையைச் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு பள்ளத்தாக்கில் அவருடைய எலும்புகள் கிடைத்தன. குடும்பம் தொடுத்த வழக்கைக் கவுன்டி இழப்பீடு கொடுத்து முடித்துக்கொண்டது. அவர் எப்படி இறந்தார் என்பது இன்றுவரை தீராமல் இருக்கிறது.